துஷ்யந்தியின் இடப்பக்கம்

வலியை உணராத ஒன்றை ஒருவர் தன்னுடையது என்று சொல்ல முடியுமா? நகத்தையும் முடியையும் நாம் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் வெட்டிப் போட்ட பிறகு அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. துஷ்யந்தியின் வாழ்க்கையைப் பார்த்தால் அது இந்தக் கேள்வியைக் கேட்டது போலத் தோன்றும். அவள் வாய்விட்டு அதைக் கேட்டதில்லை.

கஹவத்தைக்கு மேலே, மேட்டில் தேயிலையும் பள்ளத்தில் றப்பருமாக இருக்கும் ஒரு தோட்டத்தின் பிள்ளைக் காம்பராவில் அவள் ஆயா. அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். பத்து மணி வாக்கில் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு ஓடி வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடியும் மலைக்கு ஏறுவார்கள். இடையில் அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பது துஷ்யந்தியின் வேலை. அவள் எப்போதும் இடப்பக்கத்தில்தான் தூக்குவாள். வலக்கை போத்தலுக்கும் துணிக்கும் வேண்டியிருந்தது.

முதலில் கட்டி வந்தது. அதுவும் வலிக்கவில்லை. குளிக்கும்போது இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்குக் கையில் தட்டுப்பட்டது. வலித்திருந்தால் அன்றே டிஸ்பென்சரிக்குப் போயிருப்பாள். வலிக்காததால் பிறகு பார்க்கலாம் என்று விட்டாள். லயத்து வரிசை வீட்டு வாழ்க்கையில் உடம்பின் எந்தப் பாகத்துக்கும் கவனம் கிடைப்பது அது வலித்த பிறகுதான். பிள்ளைகளின் எடை பார்க்க வந்த மிட்வைஃப் மிஸ்ஸிடம் ஒருநாள் வேறு பேச்சுக்கு நடுவில் அதைச் சொன்னாள். மிஸ் தராசில் கிடந்த பிள்ளையைத் தூக்கி வேறொருத்தி கையில் கொடுத்துவிட்டு, துஷ்யந்தியை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

புற்றுநோய் என்றார்கள். கொழும்புப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இடது மார்பை எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். பிறகு கதிர்வீச்சு வைத்தார்கள். முடி கொட்டி, முன்பைவிடச் சுருட்டையாக முளைத்தது. கணவன் இந்திரகுமார் பள்ளத்தில் றப்பர் பால் வெட்டுகிறவன். அதிகம் பேசாதவன். அவள் முடி முளைத்தபோது மட்டும், "இது யாரோட முடி, என் பொண்டாட்டியோடத மாதிரி இல்லயே" என்றான். மகன் எம்பிலிப்பிட்டியவில் ஒரு டயர் கடையில் வேலைக்கு நின்றான், மாதம் ஒருமுறை வருவான். அன்றாடம் சோறும் ரசமும் கொண்டுவந்தது அடுத்த லயத்தில் இருந்த இந்திரகுமாரின் தங்கை சுகந்தினி.

நோய் போய்விட்டது என்று சொன்ன பிறகு அவளுக்கு இருந்த முதல் கவலை பிளவுஸ். ஒரு பக்கம் தொங்கியது. கஹவத்தை பஸாரில் பெண்களுக்குத் துணி தைக்கும் ஸில்மியாவிடம் போனாள். கடையின் பின்பக்கத் திரைக்குள் வைத்து அளவெடுத்த ஸில்மியா, எதுவும் கேட்காமல் டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"பஞ்சு வச்சா பாரம் பத்தாது புள்ள. அந்தப் பக்கம் மேல ஏறிக்கிட்டு ஈக்கும். நான் பைக்குள்ள தினை போட்டுத் தெச்சுத் தாரேன்."

"தினையா? குருவி வந்து கொத்தாதா?"

"கொத்த வந்தா எனக்கும் ஒரு போன் கோல் குடுங்க. நானும் வந்து பாக்கோணும்."

தினைப் பை நன்றாகத்தான் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் ஈரம் ஊறி, உள்ளே முளை விட்டுவிட்டது. துஷ்யந்தி அதைப் பிரித்துக் காட்டியபோது ஸில்மியா சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பாண் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். துஷ்யந்தியும் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று ஸில்மியா பிற்பாடு சொன்னார்.

அதற்கடுத்த வருஷம் கிளினிக்கில் ஒரு செய்தி சொன்னார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு வைத்தியர் குழு வருகிறது. மார்பு எடுக்கப்பட்ட சிலருக்குச் சிலிக்கோன் பை வைத்து மறுபடி மார்பை அமைத்துக் கொடுப்பார்கள், செலவு இல்லை. விருப்பமா என்று கேட்டார்கள். துஷ்யந்தி விருப்பம் என்றாள். ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இனாமாகக் கிடைப்பதை வேண்டாம் என்பதற்குத்தான் மனிதர்கள் காரணம் கேட்பார்கள்.

பை வைத்து அனுப்பும்போது அங்கிருந்த பெண் டொக்டர் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். அந்த இடத்துத் தோலுக்கு இனி உணர்ச்சி இருக்காது. அடுப்பு, அயன் பெட்டி, நீராவி எதுவும் கிட்டே வரக்கூடாது, பட்டாலும் தெரியாது. துஷ்யந்தி சிங்களம் தடையில்லாமல் பேசுகிறவள். எல்லாம் விளங்கியது. வீட்டுக்கு வந்ததும் அடுப்பை எட்டி நின்றே ஊதினாள். அயன் பெட்டியை இந்திரகுமார் கையில் கொடுத்துவிட்டாள். அவன் தன் சட்டை ஒன்றில் பழுப்பு முக்கோணம் போட்டுக்கொண்டு, இது என் வேலை இல்லை என்று தெரிந்துவிட்டதா என்று கேட்டான்.

முதல் மாதங்களில் பை மெத்தென்று இருந்தது. பிறகு மெல்ல மெல்ல இறுகியது. உடம்பு தனக்குள் வந்த அந்நியப் பொருளைச் சுற்றி மெல்லிய சவ்வால் ஒரு சுவர் கட்டிக்கொள்ளும். எல்லோர் உடம்பும் அதைச் செய்யும். சிலருக்கு அந்தச் சுவர் தடித்துச் சுருங்கி, பையை நெரிக்கும். கதிர் வைத்த இடத்தில் அது நடக்க வாய்ப்பு அதிகம். உடம்பின் சொந்தக்காரர் ஒன்றை ஏற்றுக்கொண்ட பிறகும் உடம்பு தனியாக ஒரு முடிவு எடுக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், சொந்தக்காரர் என்ற சொல்லையே கொஞ்சம் தயங்கித்தான் பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

இறுகியதை முதலில் கண்டுகொண்டவை குழந்தைகள். இடப்பக்கத்தில் தூக்கினால் முதுகை வளைத்துத் திமிறின. தக்ஷிகா என்ற இரண்டு வயதுப் பிள்ளை, பேச்சு வந்த நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லும். அது துஷ்யந்தியின் இடது மார்பில் தலையை வைத்துப் பார்த்துவிட்டு, "கல்லு" என்றது. பிறகு தானாகவே வலப்பக்கம் தாவிக்கொண்டது.

கல்லுக்கு உள்ளே வலியும் இருந்தது. தோலுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதற்கு அடியில், விலா எலும்பை ஒட்டி, தோள்பட்டை வரைக்கும் ஒரு இழுப்பு. மழை பிடித்தால் கூடும். கிளினிக் திகதி வந்தது, அவள் போகவில்லை. அடுத்த திகதிக்கும் போகவில்லை.

"டொக்டருக்கிட்ட சொன்னா என்னா?" என்று இந்திரகுமார் கேட்டான்.

"சும்மா குடுத்தாங்க. அதுல போயி இது சரியில்ல, அது சரியில்லன்னு நின்னா நல்லாவா இருக்கு?"

"செருப்பா அது, கடிக்குதுன்னு சொல்லக் கூச்சப்பட? ஒடம்பு புள்ள."

"இருக்கட்டும். பழகிரும்."

தோட்டத்தில் இந்தக் கூச்சம் பழையது. குறை சொன்னால் அடுத்த தடவை கிடைக்காது என்ற பயம் அதற்கு அடியில் இருக்கும். ஆனால் அதை மரியாதை என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொள்வார்கள்.

ஆனி மாதத்து மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் அவளால் கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை. சுகந்தினி வந்து பார்த்துவிட்டு, "இதுக்கா இப்படி உக்காந்திருக்கீங்க? ஒத்தடம் குடுத்தா ஒரே நாள்ல எறங்கிரும்" என்றாள்.

அந்த மூன்று லயத்திலும் பிள்ளை பெற்றவளுக்கு இடுப்பு வலியென்றால் சுகந்தினியைத்தான் கூப்பிடுவார்கள். கல் உப்பையும் நொச்சி இலையையும் சட்டியில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, வலிக்கிற இடத்தில் வைத்து எடுப்பாள். அதில் ஒரு முறை உண்டு. கொடுக்கிறவள் சூட்டை முடிவு செய்வதில்லை. வாங்குகிறவள் "சுடுது" என்று சொல்லும்வரை முடிச்சை அழுத்திப் பிடிக்க வேண்டும். சொன்னவுடன் எடுக்க வேண்டும். சுடுகிறது என்று சொல்லாமல் எடுத்தால் சூடு உள்ளே இறங்கவில்லை என்று அர்த்தம், வலி போகாது. இது எல்லோருக்கும் தெரிந்த முறை. இதுவரை யாருக்கும் இதில் தவறு நேர்ந்ததில்லை.

டொக்டர் சொன்ன எச்சரிக்கை அந்தப் பகலில் துஷ்யந்திக்கு நினைவு வரவில்லை என்று சொல்ல முடியாது. அவள் அதை மறக்கவே இல்லை. அடுப்பு சூடு, அயன் பெட்டி சூடு. ஒத்தடத்தை அவள் அந்த வரிசையில் வைத்துப் பார்த்ததில்லை. அது மருந்து.

சுகந்தினி அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து முடிச்சை வைத்தாள்.

"சுடுதா அண்ணி?"

"இல்ல."

"இப்ப?"

"பாரமா இருக்கு. சூடு தெரியல."

"ஆறிப்போச்சு போல. இருங்க, அடுப்புல காட்டிட்டு வாரேன்."

மறுபடி சட்டியில் போட்டுப் புரட்டிக் கொண்டுவந்தாள். தன் புறங்கையில் வைத்துப் பார்த்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எனக்குச் சுள்ளுங்குது. ஒங்களுக்கு இன்னும் சுடலையா?"

"இல்ல. ஆனா உள்ளுக்க நல்லா இருக்கு. இழுப்பு விடுது."

"என்னா தோலு அண்ணி இது, றப்பர் ஷீட்டா? அண்ணனுக்கிட்ட சொல்லி பெக்டரிக்கு அனுப்பிருவோம்."

இருவரும் சிரித்தார்கள். வெளியே மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. "இன்னும் கொஞ்சம் வை" என்று துஷ்யந்தியே சொன்னாள். சுகந்தினி வைத்தாள். வேட்டித் துணியைத் தளர்த்தாமல், சுடுகிறது என்ற சொல்லுக்காகக் காத்திருந்தாள். அந்தச் சொல் வரவில்லை. உப்பு தானாக ஆறிய பிறகுதான் எடுத்தாள்.

மறுநாள் குளிக்கும்போது தோல் சிவந்து, இரண்டு இடத்தில் நீர் கோத்திருந்தது. துஷ்யந்தி அதைப் பார்த்த கணத்திலேயே என்ன நடந்தது என்று விளங்கிக்கொண்டாள். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. கணவனிடம் சொன்னால் அவன் தங்கையிடம் போவான். கிளினிக்கில் சொன்னால், கொடுத்ததை இப்படிக் கெடுத்துவிட்டாயா என்பார்கள் என்று நினைத்தாள். டிஸ்பென்சரியில் வெட்டுக்காயம் என்று சொல்லி ஓயின்ட்மென்ட் வாங்கித் தடவினாள். கொப்புளம் உடைந்தது. வலிக்கவில்லை. வலிக்காததால் அது ஆறுகிறது என்று நம்புவது எளிதாக இருந்தது. முதலில் கட்டி விஷயத்தில் நம்பியதும் இதைத்தான். ஒரு பிழையிலிருந்து மனிதர்கள் கற்றுக்கொள்வார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பிழை அதே முகத்தோடு திரும்பி வந்தால்தான் கற்றது உதவும்.

அந்த வாரம் பிள்ளைக் காம்பராவில் ஒரு மாற்றம் தெரிந்தது. குழந்தைகள் இடப்பக்கத்தில் திமிறவில்லை. குளிருக்கு அந்தப் பக்கமே சாய்ந்து படுத்தன. கல் இளகிவிட்டது, ஒத்தடம் வேலை செய்திருக்கிறது என்று துஷ்யந்தி நினைத்துக்கொண்டாள். தக்ஷிகாகூடத் தானாகவே வந்து இடது மார்பில் கன்னத்தை வைத்தது. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தது.

"ஆயாம்மா, சுடுது."

"எங்கடி சுடுது?"

பிள்ளை தன் கையை அந்த இடத்தில் வைத்துக் காட்டியது. "இங்க. சுடுது."

துஷ்யந்தி பிள்ளையை இறக்கிவிட்டுத் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கைக்குத் தெரிந்தது, மார்புக்குத் தெரியவில்லை. பிளவுஸை விலக்கினாள். துணி ஒட்டிக்கொண்டு வந்தது. காயத்தின் நடுவில், கண்ணாடி போலப் பளபளப்பாக, பையின் விளிம்பு தெரிந்தது.

அவள் பிள்ளைக் காம்பராவுக்குப் பொறுப்பான டீச்சரைக் கூப்பிட்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சுவரோரம் உட்கார்ந்தாள். அவளுக்கு நல்ல காய்ச்சல் இருந்தது. இரண்டு நாளாகவே இருந்திருக்க வேண்டும்.

தோட்டத்து லொறியில் கஹவத்தைக்கு, அங்கிருந்து அம்புலன்ஸில் இரத்தினபுரிக்கு, மறுநாள் கொழும்புப் பக்கத்துப் பழைய வார்ட்டுக்கு. அதே பெண் டொக்டர் வந்தார். காயத்தைப் பார்த்தார். ஏசவில்லை.

"எதனால் சுட்டது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"உப்பு ஒத்தடம்."

"யார் கொடுத்தது?"

"நானேதான்" என்றாள் துஷ்யந்தி.

அந்த மார்பில் அந்தக் கோணத்தில் ஒருத்தி தனக்குத்தானே முடிச்சை வைத்துக்கொள்வது எளிதல்ல என்று டொக்டருக்குத் தெரிந்திருக்கும். அவர் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. "இறுகினபோதே வந்திருக்கலாமே" என்று மட்டும் கேட்டார்.

"சும்மா குடுத்தது. குறை சொல்லக் கூடாதுன்னு."

"அனே," என்றார் டொக்டர், ஐயோ என்பதுபோல. "இறுகுவது உங்கள் குறையும் இல்லை, கொடுத்தவர்களின் குறையும் இல்லை. அது நடக்கும். நடந்தால் சரி செய்யத்தான் நாங்கள் இருக்கிறோம்."

பையை எடுத்துவிட்டார்கள். அதைச் சுற்றி உடம்பு கட்டிய சுவரையும் உரித்து எடுத்து, கிருமியைக் கழுவி, தோலை இழுத்துத் தைத்தார்கள். விலாவிலிருந்து வந்த குழாய்களின் நுனியில் சின்னப் போத்தல்கள் தொங்கின. துணைக்கு நின்றவள் சுகந்தினி. இந்திரகுமாரைப் பெண்கள் வார்ட்டில் தங்கவிடமாட்டார்கள். அவள் அந்தப் போத்தல்களைச் சீலைத் துணிப் பையொன்றில் போட்டு, துஷ்யந்தியின் கழுத்தில் மாட்டிவிட்டாள். எதனால் இப்படி ஆனது என்று அவளுக்கு அதுவரை தெரியாது. நர்ஸ் கட்டு மாற்றும்போது காயம் பற்றி மற்றொரு நர்ஸிடம் சிங்களத்தில் சொன்னாள். சுகந்தினிக்கும் சிங்களம் தெரியும்.

அன்று மாலையில் போத்தலைத் திருப்பி வைக்கும்போது, "சுடலன்னுதானே சொன்னீங்க" என்றாள்.

"சுடலதான்."

"நான் கையில வச்சுப் பாத்தேன். எனக்குச் சுட்டுச்சு. அப்பவாவது எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"ஒன் கை ஒனக்கு. என் தோலு எனக்கு. விடு சுகந்தி. இன்னும் சொல்லப்போனா, நீ வச்சது ரொம்ப சொகமா இருந்துச்சு."

அது ஆறுதலுக்குச் சொன்னதா உண்மையா என்று சுகந்தினியால் கண்டுகொள்ள முடியவில்லை. ஊருக்கு வந்த பிறகு அவள் யாருக்கும் ஒத்தடம் கொடுக்கவில்லை. கூப்பிட வந்தவர்களிடம், உப்பு தீர்ந்துபோச்சு என்றாள்.

அடுத்த ஒரு வருஷத்துக்கு மேல் துஷ்யந்தியின் இடப்பக்கம் தட்டையாக இருந்தது. காயம் ஆறியது. இழுப்பு போனது. பிள்ளைகள் இரண்டு பக்கமும் படுத்தன. தக்ஷிகா தட்டையான பக்கத்தைத் தட்டிப் பார்த்து, "கல்லு எங்க?" என்று விசாரித்தது. துஷ்யந்தி, "ஆத்துல போட்டாச்சு" என்றாள். டவுனுக்குப் போகும்போது மட்டும் தினைப் பையை வைத்துக்கொள்வாள். வேலைக்கு வைப்பதில்லை. யாரும் பார்ப்பதுமில்லை, பார்த்தவர்களும் பழகிவிட்டார்கள்.

கிளினிக்கில் டொக்டர் மூன்று வழிகளை விளக்கிச் சொல்லியிருந்தார். இப்படியே விடலாம், அதில் எந்தக் கெடுதலும் இல்லை. வெறும் பையை மறுபடி வைப்பது நல்லதல்ல, தோல் தாங்காது. மூன்றாவது, முதுகின் இடப்பக்கத் தசையையும் அதன் மேல் தோலையும் அக்குளுக்கு அடியால் முன்னுக்குக் கொண்டுவந்து மார்பில் வைத்து, அந்தப் போர்வைக்கு அடியில் புதிய பையை வைப்பது. கதிர் படாத தசை என்பதால் இறுகுவது குறையும், ஆனால் இறுகவே இறுகாது என்று யாராலும் சொல்ல முடியாது. பெரிய ஆபரேஷன். இடது கைக்குக் கொஞ்சக் காலம் பலம் குறையும். சிலருக்கு முழுதும் திரும்பாது.

இடது கைதான் அவளுடைய தொழில். ஆகவே எல்லோரும் விடை தெரிந்ததாகவே நினைத்தார்கள். இந்திரகுமார் கிளினிக் வாசலில், "நமக்கு ஒண்ணும் கொறையில்ல. நீ இருக்க, அது போதும்" என்றான். அவன் வாழ்க்கையில் சொன்ன நீளமான வசனங்களில் அது ஒன்று. அவள், "சரிங்க" என்றாள். பேச்சு அதோடு முடிந்தது.

அவள் வேறு முடிவு எடுத்திருக்கிறாள் என்பது முதலில் தெரிந்தது ஸில்மியாவுக்கு. அடுத்த மழைக்கு முன் ஒருநாள் பிளவுஸ் துணியோடு கடைக்கு வந்தவளை, ஸில்மியா திரைக்குள் அழைத்து அளவெடுத்தார். வழக்கம் போல இடப்பக்கத்தை ஒடுக்கிச் சோக்கால் கோடு போடப் போனார்.

"அந்தப் பக்கம் ஒடுக்காதீங்க. உள்ளுக்க துணி விட்டுத் தைங்க."

"தினைக்கா? பழைய அளவே ஈக்கே."

"தினைக்கு இல்ல."

ஸில்மியா சோக்கைக் கீழே வைத்தார். "மறுகாவும் ஆபரேஷனா? அவ்வளவு பட்டும் இன்னும் போதாதா ஒங்களுக்கு?"

"எவ்வளவு துணி விடணும்னு ஒங்களுக்குத்தானே தெரியும்" என்றாள் துஷ்யந்தி.

வீட்டில் அவள் அதை ஒரு தகவலாகச் சொன்னாள். ஆவணியில் திகதி கொடுத்திருக்கிறார்கள், பிள்ளைக் காம்பராவில் மாற்று ஆள் கேட்டாயிற்று. இந்திரகுமார் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். நிறுத்தினான்.

"எனக்காகவா?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கண்ணாடியில மொகத்தப் பாத்தீங்களா?"

அவன் சிரித்துவிட்டு மறுபடி தீட்டினான்.

ஆபரேஷன் நீளமாகப் போனது, ஒழுங்காக முடிந்தது. மறுபடியும் குழாய்கள், போத்தல்கள், கழுத்தில் துணிப் பை. இந்தத் தடவையும் துணைக்குச் சுகந்தினியையே கேட்டாள். சுகந்தினி தயங்கினாள். "வேற ஆளக் கூப்பிட்டுக்கோங்க அண்ணி, எனக்கு அந்த வார்ட்டு வாசம் ஆகாது" என்றாள். துஷ்யந்தி சுகந்தினியுடைய மாற்றுச் சேலையையும் சேர்த்துப் பையில் மடித்து வைத்தாள்.

கை பலம் திரும்ப மாதங்கள் ஆயின. பழைய அளவுக்கு அது இன்னும் வரவில்லை. பெரிய பிள்ளைகளை இப்போது அவள் உட்கார்ந்து மடியில் ஏற்றிக்கொள்கிறாள். மார்பு மெத்தென்றே இருக்கிறது, இதுவரைக்கும். முதுகிலிருந்து வந்த தோல் ஒரு வட்டமாக, சற்று வேறு நிறத்தில், முன்பக்கத்தில் கிடக்கிறது. அதற்கு ஓரளவு உணர்ச்சி உண்டு. ஆனால் அது தன் பழைய இடத்தை மறக்கவில்லை. கிளினிக்கில் டொக்டர் விரலால் அதைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டபோது துஷ்யந்தி திரும்பிப் பின்னால் பார்த்தாள். யாரோ முதுகைத் தொட்டது போல இருந்ததாம். சிலருக்கு அப்படி இருக்கும், நாளாக ஆகக் குறையலாம் என்றார் டொக்டர். ஒரு குழந்தை அவள் நெஞ்சில் தலை சாய்த்தால், பின்னாலிருந்து யாரோ சாய்வது போல அவளுக்குத் தோன்றுகிறது. தொட்ட இடமும் உணரும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நாம் ஏன் அவ்வளவு உறுதியாக நம்புகிறோம் என்று தெரியவில்லை. அவளுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. பழகிரும் என்றாள்.

அவளைத் துணிச்சல்காரி என்று தோட்டத்தில் சொல்கிறார்கள். அந்தச் சொல் பொருந்துமா என்பது சந்தேகம். சொல்ல வேண்டிய இடத்தில் அவள் இரண்டு முறை சொல்லாமல் இருந்தாள், இரண்டு முறையும் பயம்தான் காரணம். இந்த ஆபரேஷனுக்கு மட்டும் பயமோ, பிறர் பேச்சோ, இனாமோ காரணமாக இருக்கவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கு எல்லாக் காரணங்களும் இருந்தன. அழகுக்காக என்று ஸில்மியா நினைக்கிறார். ஆனால் துஷ்யந்தி டவுனுக்குப் போவதுகூட இப்போது குறைவு. டொக்டர் ஒருமுறை நேரடியாகவே கேட்டார். "தோணிச்சு" என்று அவள் சிங்களத்தில் சொன்னாள்.

சுகந்தினிக்கு வேறு கணக்கு இருந்தது. தன் கையால் கெட்டதை, தனக்காகவே அண்ணி மறுபடி சரி செய்துகொண்டாள் என்று அவள் உள்ளுக்குள் முடிவு கட்டியிருந்தாள். அதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் அவளால் இருக்க முடியவில்லை. போன வாரம் மத்தியானம், பிள்ளைகள் எல்லாம் தூங்கும் நேரத்தில், கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்தாள். துஷ்யந்தி பாயில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். புதிதாகச் சேர்ந்த ஒரு கைக்குழந்தை மடியில் முனகிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு கேக்குறேன் அண்ணி. மறைக்காம சொல்லுங்க. எனக்காகத்தானே?"

"ஊருல நடக்குற எல்லாத்துக்கும் நீதான் காரணம்னு ஒனக்கு ஒரு நெனப்பு."

"அப்ப எதுக்கு? அதையாச்சும் சொல்லுங்க. இப்படியே விடலாம்னு டொக்டர் சொன்னாங்க, அது போதும்னு அண்ணன் சொன்னிச்சு. கையும் போச்சு. எதுக்காகச் செஞ்சீங்க?"

துஷ்யந்தி குழந்தையை இரண்டு கையாலும் தூக்கினாள். வலப்பக்கம் வசதியாக இருந்தது. அவள் அதை மெதுவாக இடப்பக்கத்தில் சாய்த்து, தலைக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டாள். முனகல் நின்றது.

"மெதுவாப் பேசு" என்றாள். "புள்ள முழிச்சிரும்."